எரியாத மருந்து

கையால் பின்னிய ஸ்வெட்டரை எடுத்ததும் ஜனங்கள் முதலில் அதை மோந்து பார்ப்பார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. அப்புறம் கன்னத்தில் வைத்துத் தேய்ப்பார்கள். "கையால செஞ்சதுன்னா தனிதான்" என்று கண்ணை மூடிக்கொள்வார்கள். பிறகு விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, செத்த எலியைத் தொட்டுவிட்டதுபோல அப்படியே போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போவார்கள். கைவினைச் சந்தைகளில் பல வருடமாக மேசை போட்டு உட்கார்ந்தவள் சொல்கிறேன். கைவேலையின் அருமை தெரிந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்களைப் போன்ற ஏமாளிகள் எங்கும் கிடையாது.

நீங்கள் கேட்டது மருந்தைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

பின்னுகிறவள் என் தங்கை. எனக்கு ஊசி பிடிக்க வராது. அதற்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்குப் பொறுமை தானாக வந்துவிடுகிறது. ஆனால் பின்னிவிட்டால் மட்டும் ஆயிற்றா? உல்லன் நூல் வாங்குவது, சந்தையில் இடம் பிடிப்பது, எந்தக் குல்லாவை முன்னால் வைப்பது, எந்தக் கோணல் காலுறையை அடியில் தள்ளுவது, பல்லைக் காட்டுகிறவர்களிடம் திருப்பிப் பல்லைக் காட்டுவது, எல்லாம் நான்தான். "நீங்களே பின்னினதா?" என்று கேட்பார்கள். "ஆமாம்" என்பேன். அதைப் பொய் என்று எழுத வேண்டாம். கை அவளுடையது, தலை என்னுடையது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு வாய்த்தவர் சீக்கிரமே வேறொருத்திக்கு வாய்த்துவிட்டார். தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை. சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறை. ஜன்னலோரம் அவளுடைய நாற்காலி, அதைச் சுற்றி நூல் கூடைகள்.

ஒருநாள் படிக்கட்டில் ஓரமாக இருந்த வாளி தெரியாமல் இடறி விழுந்தாள். கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கு. ஓரத்துல பார்வை கொஞ்சம் போயிருக்கு. போனது திரும்பாது" என்றார். "ஆனா இந்தச் சொட்டு மருந்தைத் தினமும் தவறாம விட்டா, இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்."

அவளாக விட்டுக்கொண்டால் மருந்து கன்னத்தில்தான் விழும். அதனால் நான் விடுவேன். என் மடியில் தலை வைத்துப் படுப்பாள். "எரியுது அக்கா" என்பாள். "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்பேன். இப்படி ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் குளிர்காலச் சந்தைக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். கண் இருக்கும்போதே நாலு இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. பாவம் என்று கூட்டிப்போனேன். நான் செய்த தப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்வேன்.

பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தில் சந்தை. வருஷா வருஷம் என்னிடம் சால்வை வாங்குகிற ஓர் அம்மாள் வந்தார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. நல்லதுக்கும் கெட்டதுக்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் பாராட்டுகிறவர்.

"இந்தப் பின்னல் எப்படித்தான் போடறீங்களோ" என்று என்னிடம்தான் கேட்டார்.

"ரொம்ப சுலபம், இங்க பாருங்க" என்று என் தங்கை ஊசியை எடுத்துவிட்டாள்.

"அப்ப இதெல்லாம் நீங்களா பின்னினீங்க?"

"ஆமாங்க. அக்காதான் மத்த எல்லாத்தையும் பார்த்துக்கறாங்க. நான் சும்மா பின்னறதோட சரி."

கள்ளம் கபடம் இல்லாதவள் என்று எல்லோரும் அவளைச் சொல்வார்கள். கள்ளம் கபடம் இல்லாதவர்கள் செய்கிற சேதத்துக்கு அளவே கிடையாது. சாயங்காலத்துக்குள் மேசையைச் சுற்றி ஆறேழு நாற்காலி. அவள் கண்ணி போடச் சொல்லிக்கொடுக்கிறாள், சிரிக்கிறாள், கேட்டவர்களுக்கெல்லாம் விலையைக் குறைக்கிறாள். அந்த வங்கி அம்மாள் பேச்சுவாக்கில் காலி டீ கிளாஸை என் பக்கம் நீட்டினார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நானும் வாங்கிக்கொண்டேன்.

பக்கத்து மேசைக்காரர் மரத்தில் பொத்தான் கடைந்து விற்கிறவர். உப்புக்குப் பெறாத மனிதர். ஊருக்கெல்லாம் பொத்தான் விற்கிற ஆள், தன் சட்டையில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பொத்தான்களோடு திரிவார். அவள் பின்னிய ஸ்வெட்டர்களுக்கு அளவு பார்த்துப் பொத்தான் கொண்டுவந்தார். பிறகு வீட்டுக்கும் கொண்டுவந்தார். பிறகு பொத்தான் இல்லாமலே வந்தார்.

ஒருநாள் என் முன்னால் உட்கார்ந்து, தொப்பியை உருட்டிக்கொண்டே, "உங்க தங்கச்சியைக் கட்டிக்கலாம்னு இருக்கேன். நீங்க பெரியவங்க, ஒரு வார்த்தை கேட்கணும்ல" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று டீ கொடுத்து அனுப்பினேன்.

அவர் போனபின் அவளைக் கேட்டேன்.

"எனக்கும் ஆசைதான் அக்கா. ஆனா அவருக்குப் பாரமாப் போகக் கூடாது. கண்ணு இப்படியே நின்னுடுச்சுன்னு டாக்டர் ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்பறம் கட்டிக்கறேன்னு சொல்லிட்டேன்."

"நான்?" என்றேன்.

"நீயும் எங்களோட வந்துடேன்" என்றாள். பொத்தான் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறதாம்.

நான் எதையும் திட்டமிடவில்லை என்பதற்காகத்தான் இதை விவரமாகச் சொல்கிறேன். கண் நின்றால் போவாள், நிற்காவிட்டால் போக மாட்டாள். வழியைக் காட்டியது அவள்.

மறுநாள் சொட்டு மருந்தைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் குப்பியில் உப்புத் தண்ணீர் நிரப்பினேன். கொதிக்கவைத்து, ஆறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிய தண்ணீர். கண்ணில் கிருமி போய்விடக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். நீங்கள் யாரும் அதைக் குறிப்பிடவில்லை.

"அக்கா, இப்பல்லாம் எரியவே மாட்டேங்குதே" என்றாள்.

"புது கம்பெனி. இது எரியாத மருந்து."

"நல்லதாப் போச்சு" என்று சிரித்தாள்.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "தவறாம விடறீங்களா?"

"ஒருநாள் தவறினதில்லை" என்றேன். அது சத்தியம். தங்கையும் தலையாட்டினாள். வீரியமான மருந்து எழுதிக்கொடுத்தார். அதுவும் தொட்டிக்குத்தான் போயிற்று. படிப்பு ஏற ஏற சந்தேகம் குறைந்துவிடும்போலிருக்கிறது. கண்ணைத்தான் விளக்குப் போட்டுப் பார்த்தார். குப்பியைப் பார்க்கவில்லை.

வலி ஒன்றும் இல்லை. வேண்டுமானால் அவளையே கேளுங்கள். ஓரத்திலிருந்து திரை மூடுவதுபோல மூடிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு சாவித் துவாரம் அளவுக்கு இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அதுவும் போயிற்று. அதற்கு ரொம்ப முன்பே பொத்தான்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் போகிற ஆளா? வாரம் தவறாமல் வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டிவிட்டுப் போவார். வேலையற்றவர்களை என்ன செய்ய முடியும்?

விரலுக்குக் கண் வேண்டியதில்லை. அவள் பின்னல் முன்னைவிட நெருக்கமாக, நேராக வந்தது. ஒவ்வொரு துணியிலும் ஒரு சீட்டுக் கட்டினேன். 'பார்வையற்ற கைகள் பின்னியது.' என்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. பெயருக்கு அலைகிறவள் நான் என்றால் அப்படிச் செய்வேனா? அதற்கப்புறம் பேரம் பேசுவது நின்றது. மோந்து பார்த்தார்கள், கன்னத்தில் தேய்த்தார்கள், அழுதார்கள், வாங்கினார்கள். வங்கி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சியைக் கண்ணுக்குக் கண்ணாப் பார்த்துக்கறீங்க" என்றார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

போன மாதம் வெளியூர்ச் சந்தைக்குப் போய் இரண்டு நாள் தங்க வேண்டியிருந்தது. பார்வை போனாலும் கண் வலிக்காமல் இருக்க மருந்து விட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் இல்லை, குப்பியில் தண்ணீரும் தீர்ந்திருந்தது. தங்கை பொத்தான்காரரைக் கடைக்கு அனுப்பிப் புதுக் குப்பி வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள். அவர் விட்டிருக்கிறார். எரிந்திருக்கிறது.

அவள் குப்பியை வாங்கி மோந்து பார்த்தாளாம். பிறகு, "அதே கம்பெனியா பாருங்க" என்றாளாம். அதே கம்பெனிதான். பழைய குப்பியின் அடியில் ஒட்டியிருந்த சொட்டை விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள். டாக்டரிடம் போனதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அவளை ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் மதியம், சந்தையில் கூட்டமாக இருந்த நேரம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வருகிறாள். மேசை விளிம்பைத் தடவிப் பார்த்து நின்றாள்.

"அக்கா, எப்பலேருந்து?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நீ போறேன்னு சொன்னியே, அன்னிலேருந்து."

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. மேசைமேல் இருந்த ஒவ்வொன்றாகத் தடவி, சீட்டைத் தேடிப் பிடித்து அறுத்துப் போட்டாள். கடைசிச் சீட்டு வரைக்கும் ஆர அமரச் செய்தாள். வாங்க வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அவர்களுக்கு வேறென்ன தெரியும்?

"வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றேன்.

அவள் அவர் பக்கம் திரும்பி, "போலாங்க" என்றாள்.

அவ்வளவுதான். மருந்தைக் கொட்டியது நான். உப்புத் தண்ணீர் நிரப்பியது நான். பார்வை போகும், போனால் திரும்பாது என்று தெரிந்துதான் தினமும் விட்டேன். எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த மனிதருக்கு நிதானம் போதாது. அன்றைக்குத் தெருவைத் தாண்டும்போது, வண்டிகள் போய்க்கொண்டிருக்கையில், தொப்பியைச் சரிசெய்ய அவள் கையை ஒரு கணம் விட்டுவிட்டார். வாசலில் நின்று என் கண்ணால் பார்த்தேன். கண் தெரியாத ஒருத்தியை இப்படிக் கவனமில்லாமல் வைத்துக்கொள்கிறவரை நீங்கள் ஒன்றும் விசாரிக்க மாட்டீர்களா?