சமத்துவத்தின் முதுகுப் பக்கம்

— இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க. நம்ம வீட்டு ஜன்னல் ஓரமாத் தெரியுது.

— கிண்டல் பண்ணாம ஏணியைப் பிடிடி.

— கிண்டல் இல்லைங்க. கட்டின பொண்டாட்டியைக் குடித்தனத்தோட துணி போட்டு மூடுற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்?

— நானா மூடுறேன்? காண்ட்ராக்டர் மூடச் சொல்றாரு. சுதந்திர நாள் அதுவுமா தலைவர் இந்த வழியா மைதானத்துக்குக் கொடியேத்தப் போறாரு. நம்ம சந்து அவர் கண்ணுல படக் கூடாதாம். என் வீட்டை மட்டும் விட்டுடுங்கன்னு சொல்ல முடியுமா?

— சொல்லித்தான் பார்த்திருக்கலாமே. வாயை என்ன வாடகைக்கா விட்டிருக்கீங்க? சரி, நம்ம வாசலை மறைச்சுக்கிட்டு நிக்கிறாரே, இந்த மீசைக்காரர் என்ன சொல்றாரு?

— படத்துக்குக் கீழ எழுதியிருக்கே. சமத்துவம்.

— பக்கத்து வீட்டு வாசல்ல?

— சுதந்திரம்.

— சாக்கடைக்கு நேரா நிக்கிறவரு?

— சகோதரத்துவம். அங்க கம்பு சரியா நிக்கல, அவர் மூக்கு மடிஞ்சு போச்சு.

— அந்த நாத்தத்துக்கு அவரே மடிச்சுக்கிட்டிருப்பாரு.

— சிரிக்க வைக்காதே, ஏணி ஆடுது. நாட்டை உண்டாக்கினவங்கடி அவங்க. கொஞ்சம் மரியாதையாப் பேசு.

— மரியாதை இருக்கப் போய்த்தான் வயிறு எரியுது. உள்ள வந்து பாருங்க. பட்டப்பகல்ல லைட்டு எரியுது. பொட்டுக் காத்து இல்ல. குழந்தை வேர்த்து, தொட்டில் துணியெல்லாம் நனைஞ்சு கிடக்கு.

— தலைவர் திரும்பிப் போனதும் முதல்ல நம்ம வீட்டு முன்னாடிதான் அவிழ்ப்பேன். அதுவரைக்கும் பொறுத்துக்கோ.

— இந்த மீசைக்காரர் பேச்சைப் பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சவ நான். ஆளுறவன் உன் தெருவுக்கு வந்தா வாசல்ல நின்னு, எனக்கு நீ என்ன செஞ்சேன்னு கேளு, அதுக்குத்தான் இந்த நாடுன்னு சொன்னாரு. இப்ப அவர் மூஞ்சியை வெச்சே என் வாசலை அடைக்கிறீங்க. பாவம், மனுஷன் உசுரோட இருந்தா நகர்ந்தாவது நின்னிருப்பாரு.

— அவங்க சொன்னதுல ஒரு தப்பும் இல்லடி. அவங்களைத் துணியில அச்சடிச்சவங்க கிட்ட மாட்டிக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

— அந்தக் கத்திரிக்கோலை இப்படிக் கொடுங்க.

— எதுக்கு?

— ஜன்னல் அளவுக்கு ஒரு ஓட்டை போடுறேன். குழந்தைக்குக் காத்து வரணும்.

— அடிப்பாவி, அவர் நெஞ்சுலயா வெட்டப் போறே?

— பெரிய மனசு அவருக்கு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

— வேண்டாம்டி. போன வேலைக்குப் பதிலா நாயா அலைஞ்சு இதைப் பிடிச்சிருக்கேன். இதுவும் போச்சுன்னா குழந்தைக்குப் பால் எங்கிருந்து வரும்? ஐயோ, அதிகாரி ஓடி வராரு. கத்திரிக்கோலை முந்தானைக்குள்ள வை.

— யோவ், ஏணியில இருக்கிறவரே, கீழ இறங்கு. அந்தம்மா கையில என்ன?

— ஒண்ணுமில்ல சார். பிசிறு வெட்டிக்கிட்டு இருந்தா.

— சரி, அதை விடு. தலைவர் வண்டி முக்குல நின்னுடுச்சு.

— வண்டி பழுதா சார்?

— வண்டிக்கு ஒண்ணுமில்லய்யா. அவருக்குத்தான். காலையிலேர்ந்து போற இடமெல்லாம் விருந்து, வயிறு கலக்கிடுச்சு. மைதானம் வரைக்கும் தாங்காதுங்கறாரு. அம்மா, உங்க வீட்டுக் கழிப்பறையைக் கொஞ்சம் கழுவி விடுங்க. நாட்டுக்காகக் கேக்குறேன்.

— எங்க வீட்டுலயா? இந்தச் சந்துலயே ஒண்ணு கிடையாது சார். கட்டிக் கொடுங்கன்னு உங்க ஆபீஸ் படியேறி எங்க செருப்புத்தான் தேஞ்சுது. அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொன்னதே நீங்கதான்.

— அதைப் பேசுற நேரமாம்மா இது? அப்ப நீங்கல்லாம் எங்கதான் போறீங்க?

— ஏங்க, நீங்களே சொல்லுங்க. எனக்குக் கூச்சமா இருக்கு.

— இந்தத் துணிக்குப் பின்னாடி, சாக்கடையைத் தாண்டினா ஒரு புதர் இருக்கு சார். ஊரே அங்கதான். அவரையும் கூட்டிட்டு வாங்க, நான் துணியைத் தூக்கிப் பிடிக்கிறேன்.

— என்னய்யா பேசுற? நாட்டுக்கே தலைவர்யா அவரு. யாராவது பார்த்துட்டா?

— யாரும் பார்க்க மாட்டாங்க சார். அதுக்குத்தானே கட்டியிருக்கு.