பிடிபட்ட இடம்

ரீபா: …அரை கிலோ போதும் அண்ணாச்சி. துண்டு போட வேண்டாம்.

ஞானசிகாமணி: சனிக்கிழமை தவறாம வாரியே. பாளையங்கோட்டை மார்க்கெட்டுல எனக்கு இப்படி ஒரு வாடிக்கை கிடையாது. காலேஜ்லயும் மீன் ஆராய்ச்சி, வீட்டுலயும் மீன் குழம்பு… அலுக்கலையா?

ரீபா: ஆராய்ச்சி திங்கக்கிழமையோட முடியுது. தீசிஸக் குடுத்துருவேன்.

ஞானசிகாமணி: என்னன்னு முடிச்சிருக்கே?

ரீபா: எந்தக் காலத்துலயும் களவா மீன் இடம் மாறாதுன்னு.

ஞானசிகாமணி: மாறும்னுல்லா ஒத்தக்கால்ல நின்னே?

ரீபா: நின்னேன். கோடையில கடலடியிலயே தெக்க போயி, குமரியச் சுத்தி மேக்க ஏறும்னு நெனச்சேன். தூத்துக்குடிப் பாறையில முந்நூறு களவா முதுகுல மஞ்சள் டேக் குத்தி விட்டோம். ஒண்ணாவது வேற கடல்ல கிடைக்கணும்லா…

ஞானசிகாமணி: கிடைக்கலையா?

ரீபா: ஒம்பது கிடைச்சிது. எட்டு அந்தப் பாறையிலயே, மாசி மாசத்துக்குள்ள. ஒம்பதாவது உங்க கடையில, மே இருபத்திரெண்டு. பிடிபட்ட இடம் தூத்துக்குடின்னு நீங்கதான் கார்டுல எழுதுனீங்க.

ஞானசிகாமணி: ம்… டேக்கத் திருப்பிக் குடுத்ததுக்குத்தான இந்தத் தொப்பி பரிசாக் குடுத்தே.

யூனிஸ்: ஞானசிகாமணி, இந்த விளைமீன் எங்கத்தது?

ஞானசிகாமணி: தூத்துக்குடி டீச்சர். காலைல எறங்குனது.

யூனிஸ்: அப்ப ஒரு கிலோ போடுங்க. எதுத்த கடையில கேரளா மீன வாங்கி… ஐஸ்லயே கெடந்து சக்கை.

ஞானசிகாமணி: நம்ம கடையில அந்தப் பேச்சே கிடையாது. இந்தாங்க… வாங்க டீச்சர்.

ரீபா: பெட்டியில மலையாளத்துலல்லா எழுதியிருக்கு அண்ணாச்சி.

ஞானசிகாமணி: பைய பேசு. டீச்சர் இன்னும் தாண்டல… பழைய பெட்டி அது.

ரீபா: மே மாசம் விசைப்படகுக்குத் தடைக்காலம்.

ஞானசிகாமணி: நாட்டுப்படகு போவும்லா.

ரீபா: அந்த வாரம் காத்து. அதுவும் போகல.

ஞானசிகாமணி: இப்ப எதுக்கு இதெல்லாம் கேக்கே?

ரீபா: சும்மாதான். கோடையிலயும் தூத்துக்குடியிலதான் கெடக்குதுன்னா, அது எங்கயும் போகலன்னு எங்க கைடு சார் சொல்லிட்டாரு. மூணு வருஷ வேலை… சரி, மீனக் குடுங்க.

ஞானசிகாமணி: இரு… மேல போர்டப் பாத்தியா?

ரீபா: 'தூத்துக்குடி மீன்'.

ஞானசிகாமணி: எங்கப்பா வச்சது. தடைக்காலத்துல கொல்லத்து லாரி வந்தாத்தான் கடை திறக்க முடியும். ஆனா ஆரு கேட்டாலும் வாயில தூத்துக்குடிதான் வரும். நீ கார்ட நீட்டுனே, கையும் அதையே எழுதிட்டு.

ரீபா: அப்ப அந்தக் களவா…

ஞானசிகாமணி: கொல்லம். ஆரியங்காவு வழியா வந்தது. பில்லு கூட இருக்கு.

ரீபா: எழுதித் தருவீங்களா?

ஞானசிகாமணி: கடைப் பேரு போடணுமா?

ரீபா: போடணும்.

ஞானசிகாமணி: டீச்சர் படிப்பாவளா?

ரீபா: தீசிஸ யாரு அண்ணாச்சி படிக்கா.

ஞானசிகாமணி: கொண்டா… இதென்ன, லெட்டர்ல முன்னாடியே எல்லாம் எழுதி இடத்த மட்டும் விட்டிருக்கே? தேதி ஜூன்லா போட்டிருக்கு… அப்பவே தெரியுமா உனக்கு? நேரா கேட்டிருக்கலாமே.

ரீபா: நாட்டுப்படகுன்னு சொல்லியிருப்பீங்க. நான் எழுதுனா அது ஊகம். நீங்களா எழுதணும்.

ஞானசிகாமணி: ம்… எழுதியாச்சி. மனசு லேசாச்சி. இன்னைக்கு மீன் என் பொறுப்பு. நல்லா உறைப்பா குழம்பு வச்சித் தின்னு.

ரீபா: எனக்கு மீனே ஒத்துக்காது அண்ணாச்சி. தின்னா மூஞ்சி வீங்கிரும். இருவது சனிக்கிழமையும் பக்கத்து வீட்டுலதான் குழம்பு.