மரங்கள் உள்ள தெரு

நகரத்தை வாட்டர்கலரில் வரைகிறவனுக்குப் பச்சை அவ்வளவாகத் தேவைப்படாது. சுவர், தார், கம்பி, தகரம் எல்லாவற்றுக்கும் பழுப்பும் நீலமும் போதும். அதனால்தான் அந்தப் பச்சை டியூப் தீராமல் கிடந்தது. பழைய சாமான் கடையில் பெட்டியோடு வாங்கியது, ஐயா. விஷம் என்று அந்தச் சாயத்தைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். அப்படியொரு பச்சை இப்போது வருவதில்லை.

என் தம்பி இன்சூரன்ஸ் விற்கிறவன். ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பிரஷைப் பிடித்தவன்தான். நான் பஸ் நிலையத்தை வரைந்தால் ஒரு ஜன்னல் விட்டுப்போகாது. அவன் அங்கங்கே தாளை வெறுமனே விட்டுவிடுவான். அந்த இடத்தில் வெயில் அடிக்கும். எப்படி என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. எனக்கு வயிறு எரியும்.

கண்காட்சியில் இரண்டு பேர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். கூட்டம் அவன் படத்தை விட்டு நகரவில்லை. என் மனைவியும்தான்.

"உங்க தம்பி இந்த வெயில எந்தக் கடையில வாங்குனாரோ" என்றாள். என் படத்தைப் பார்த்து, "இதுவும் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

தம்பிக்கு ஒரு பழக்கம். பிரஷ் நுனியை உதட்டில் வைத்துத்தான் கூராக்குவான். "வாயில வைக்காதடா" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். எல்லார் முன்னாலும் சொன்னேன், விசாரித்துப் பாருங்கள்.

"எனக்கு எதுவும் செரிக்கும், அண்ணே" என்று சிரிப்பான்.

டியூபை அவனுக்குக் கொடுத்தேன். ஆனால் அவன் வரைந்ததெல்லாம் சுவரும் கம்பியும்தானே. அதனால் ஊரெல்லாம் அலைந்து, இரண்டு பக்கமும் மரம் அடர்ந்த ஒரு தெருவைக் கண்டுபிடித்தேன். "கட்டடமே வரைஞ்சா கை இறுகிப்போயிடும். இலை வரைஞ்சு பழகு" என்றேன். இலைக்கு நுனி நன்றாகக் கூராக இருக்கவேண்டும். அவன் அந்தத் தெருவிலேயே பழியாய்க் கிடந்தான்.

முதலில் வயிற்றுவலி. பிறகு விரல்கள் மரத்துப்போயின. அல்சர் என்றார் டாக்டர். "நீங்க வந்தாத்தான் அவருக்குத் தெம்பு, மாமா" என்றாள் தம்பி மனைவி. நானும் தவறாமல் போனேன்.

கடைசிப் படம் பாதியில் நின்றது. தலையணை அண்டக் கொடுத்து அவனை உட்காரவைத்தோம். கையில் பிரஷ் நிற்கவில்லை.

"நீங்க வரைங்கண்ணே. நுனிய மட்டும் நான் பாத்துக்கறேன்" என்றான்.

பச்சையில் தோய்த்து அவன் உதட்டருகில் கொண்டுபோனேன். கூராக்கித் தந்தான். ஓர் இலை வரைந்தேன். மறுபடி தோய்த்தேன். அவன் மனைவி கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக்கூட அன்று அவன்மேல் பாசம் வந்தது.

அவன் போன பிறகு நினைவுக் கண்காட்சி வைத்தார்கள். அந்தப் படத்தைத்தான் வாசலிலேயே மாட்டியிருந்தார்கள். "சாகப்போற நேரத்துலயும் இலைய எப்படி அசைய வச்சிருக்காரு பாருங்க" என்று என் மனைவி அழுதாள். அடியில் அவன் பெயர் மட்டும்தான் இருந்தது. அங்கிருந்து நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கொன்றது நான்தான். அதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்த இலைகளை வரைந்தது என் கை என்பதை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.