பெரியவரின் பூட்டிய கணக்கு

வயதானவர்களுக்குப் பாஸ்வேர்ட் நினைவில் நிற்பதில்லை என்று எங்கள் அலுவலகத்தில் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை. எனக்கே என்னுடையது அடிக்கடி மறந்துபோகும். அதனால் அந்தப் பெரியவரின் முதல் புகார் வந்தபோது அதில் விசேஷமாக ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை, மேடம்.

எங்கள் வேலையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தடுப்புகளுக்கு நடுவே வரிசையாக மேசைகள். ஆன்லைனில் விளையாடுகிறவர்கள் எழுதும் ஒவ்வொரு புகாரும் எங்களுக்கு ஒரு டிக்கெட். கணக்குக்குள் போக முடியவில்லை, வாங்கிய குதிரை வந்து சேரவில்லை, எவனோ என் வீட்டை இடித்துவிட்டான். பாதிப் பேர் எடுத்த எடுப்பிலேயே திட்டுவார்கள். தயாராக இருக்கும் பதில்களில் ஒன்றை எடுத்து ஒட்டி, 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று முடிப்போம். பக்கத்து மேசைக்காரனுக்கு மின்னல் என்று பட்டப்பெயர். புகாரைப் படிக்காமலே பதில் போட்டுவிடுவான். பாராட்டெல்லாம் அவனுக்குத்தான் போகும். நான் ஒவ்வொன்றையும் முழுதாகப் படிப்பேன். படித்தது தப்பென்றால் ஒப்புக்கொள்கிறேன்.

பெரியவர் திட்டவில்லை. "தம்பி, உங்க விளையாட்டுல நான் பஸ் ஓட்டறவன். நிஜத்துலயும் அதே வேலைதான் பாத்து ஓய்வு வாங்கினேன். இப்ப கதவு தொறக்க மாட்டேங்குது. எம் பொண்ணு ஸ்டாப்புல நிப்பா. கொஞ்சம் சீக்கிரம் பாருப்பா" என்று எழுதியிருந்தார். அந்த விளையாட்டில் ஒரு சின்ன நகரம் உண்டு. அவரவர் விருப்பப்படி ஒரு தொழிலை எடுத்துக்கொள்ளலாம். குதிரையும் கோட்டையுமாக மற்றவர்கள் அலைய, இவர் மட்டும் ஒரு பச்சைப் பஸ்ஸை எடுத்துக்கொண்டு சாலை விதி பிசகாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

கணக்கைத் திறந்து கொடுத்து, 'உங்கள் டிக்கெட் முடிக்கப்பட்டது' என்று வழக்கமான பதிலை அனுப்பினேன். "என் வயசுல இருக்கறவனுக்கு டிக்கெட் முடிஞ்சுதுன்னு எழுதலாமா தம்பி? நெஞ்சு திக்குனு ஆயிடுச்சு. நல்லா இரு. சாப்டியா?" என்று பதில் போட்டார்.

அந்தக் கேள்வியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாடகை அறையில் தனியாக இருப்பவன் நான். என்னை அப்படிக் கேட்க ஆள் கிடையாது. பதில் எழுத வழியும் இல்லை. முடிந்த டிக்கெட்டில் வாடிக்கையாளர் ஒரு வரி எழுதலாம், நாங்கள் எழுத முடியாது. எங்கள் தொழிலில் அப்படித்தான், மேடம். பிரச்சினை தீர்ந்தவர் திரும்பி வருவதில்லை. மனதுக்குப் பிடித்தவரை நாமே வழியனுப்பி வைக்க வேண்டும்.

அதனால் கொஞ்ச நாள் கழித்து அவர் கணக்கை நானே பூட்டினேன். சந்தேகத்துக்குரிய நுழைவு என்று ஒரு காரணம் பட்டியலில் இருக்கிறது. அதை அழுத்தினால் போதும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அன்றைக்கே அவர் எழுதினார். நான் விசாரித்தேன், அவர் சொன்னார். முழங்கால் வலி, மனைவி போன பிறகு வீட்டில் டிவி சத்தம் மட்டும்தான் என்பது, பிறகு மகள். அவளுக்குப் பிடித்தவனோடு கல்யாணம் என்றபோது இவர் "என் மூஞ்சியிலயே முழிக்காதே" என்று சொல்லிவிட்டார். அவளும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், முழிக்கவில்லை. போன் கிடையாது, போக்குவரத்து கிடையாது. ஆனால் சின்ன வயதில் ஒன்றாக விளையாடிய அந்த விளையாட்டில் மட்டும் அவள் அவரை நண்பர் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. ஒருநாள் இவர் பஸ் ஓட்டிக்கொண்டு போகையில் ஸ்டாப்பில் நின்று கை காட்டியிருக்கிறாள். ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். அதிலிருந்து தினமும் மத்தியானம் வருவாள். வாயால் பேசாததை விரலால் பேசிக்கொண்டார்கள்.

இதெல்லாம் அவர் சொன்னது. மீதியை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். கோளாறு எங்கே என்று பார்க்க வாடிக்கையாளரின் கணக்குக்குள் அவர் பெயரிலேயே நாங்கள் போய்ப் பார்க்கும் வசதி உண்டு. பார்க்கலாம், எதையும் தொடக்கூடாது என்பது விதி. அவர்கள் பேசியதை முதலிலிருந்து படித்தேன். அவர் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார். புள்ளி, கமா எதுவும் வைக்க மாட்டார். அவள் "பிரேக்கைப் பாத்துப் போடுப்பா, குடல் வெளிய வந்துடும்" என்பாள். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பாக இருந்தது.

திறந்து கொடுத்து மறுபடி பூட்டினேன். மூன்றாம் தடவை பூட்டியபோது அடையாள அட்டையின் படம் கேட்டேன். அனுப்பினார். படம் தெளிவாக இல்லை என்று திருப்பினேன். ஜன்னலோரம் வைத்து மறுபடி எடுத்து அனுப்பினார். அதையும் திருப்பினேன். தெளிவாகத்தான் இருந்தது. அட்டையைப் பிடித்திருந்த கட்டைவிரலின் ரேகைகூடத் தெரிந்தது.

அப்போதுதான், அவர் கணக்குக்குள் போயிருக்கையில், மகள் ஸ்டாப்பில் நிற்பதைப் பார்த்தேன். மத்தியானம் வந்தாள், பஸ் வரவில்லை, நின்றுவிட்டுப் போனாள். மறுநாளும் நின்றாள். ஒரு பெண் அப்படிக் காத்து நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை, மேடம். மின்னலாக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டான். நான் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் நிறுத்தினேன்.

"எங்கேப்பா போயிட்டே ரெண்டு நாளா?"

"முட்டி வலி வாலு" என்று எழுதினேன். புள்ளி வைக்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் விஷயத்தைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வயிற்றில் கட்டி, பரவிவிட்டது. "உன் மாப்பிள்ளை உனக்குப் போன் பண்றேன்னு நிக்கறாரு. நான்தான் வேணாம்னேன். எங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டேன் பாத்தியா." டீம் லீடர் வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். கண் கலங்கியிருந்தது போலிருக்கிறது.

அதே வேளையில் பெரியவரின் டிக்கெட்டும் என் திரையில்தான் இருந்தது. "தம்பி, எல்லாப் படமும் அனுப்பிட்டேன். வேற என்ன வேணும்னு சொல்லு. பொண்ணு கோவிச்சுக்குவா" என்று எழுதியிருந்தார். நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். நன்றாக யோசித்துத்தான் சொல்லாமல் விட்டேன். ஒருவர் தன் நோயைப் பற்றிப் பேசியதை இன்னொருவருக்குச் சொல்வது அந்தரங்க விதிக்கு விரோதம். அந்த விதியை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நிறுவனம்தான்.

பிறகு அவள் கேட்டாள். "அப்பா, பழசையெல்லாம் விடு. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போறியா? மூணாவது மாடி. லிஃப்ட் இருக்கு, உன் முட்டிக்குக் கஷ்டம் இல்ல."

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த இடத்தைத்தான் என்று தெரியும். வர முடியாது என்று நான் சொல்லவில்லை. "அடுத்த வாரம் வர்றேன் வாலு" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அவர் போயிருந்தால் எல்லாம் அன்றைக்கே அம்பலமாகியிருக்கும். அவள் மனசு உடைந்துபோயிருக்கும். இத்தனை நாள் யாரிடம் பேசினோம் என்று அந்த உடம்போடு அவள் தவிக்க வேண்டுமா? அடுத்த வாரமும் கேட்டாள். முட்டி வலி என்றேன். அதற்கடுத்த வாரம் அவளாகவே, "சிரமப்படாதேப்பா, இங்கயே பேசிக்கலாம்" என்றாள். எவ்வளவு புரிந்த பெண்.

கடைசி நாட்களில் அவளால் நிறைய எழுத முடியவில்லை. பஸ்ஸில் ஏறி உட்காருவாள், நான் நகரத்தைச் சுற்றி வருவேன். பிரேக்கை மெதுவாகத்தான் போடுவேன். ஒரு மத்தியானம், "உம்மேல கோவம் எல்லாம் போயிடுச்சுப்பா. உனக்கு?" என்று கேட்டாள். "எனக்கு எப்பவுமே இல்லை" என்றேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

அவள் இறந்தது மாப்பிள்ளை சொல்லித்தான் பெரியவருக்குத் தெரிந்தது. ஓடியிருக்கிறார். வாசலிலேயே மாப்பிள்ளை நிறுத்திவிட்டாராம். அன்று வந்த டிக்கெட் எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது. "தம்பி, கூப்பிட்டப்ப வராம இப்ப எதுக்கு வந்தீங்கன்னு கேக்கறாரு. நான்தான் அடுத்த வாரம் வர்றேன்னு சொன்னேனாம். நான் எங்கேப்பா சொன்னேன்? கதவே தொறக்கலையே. அவ போன் பூட்டிக் கெடக்கு. அவ என்ன பேசினான்னு உங்ககிட்டதான் இருக்குமாம். அதைக் காட்டு. என்னைத் தேடினாளான்னு மட்டும் பாக்கணும். பாத்துட்டுத் தந்துடறேன்."

அதற்குத் தயார் பதில் உண்டு. பிறரின் தனிப்பட்ட உரையாடலை நாங்கள் பகிர்வதில்லை என்பது. அதை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. அதே மறுப்பை என் கையாலேயே எழுதினேன், மரியாதையாக, ஐயா என்று தொடங்கி. அதன் பிறகுதான் அவர் உங்களிடம் புகார் கொடுக்க வந்திருக்கிறார். வந்ததில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

பூட்டியது நான். அட்டையைத் திருப்பியது நான். பஸ்ஸை ஓட்டியதும் வருவதாகச் சொன்னதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தண்டனையைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. அவர் கணக்கை அவருக்கே திறந்து கொடுத்துவிடுங்கள், பஸ்ஸையும் சேர்த்து. அந்த உரையாடலை மட்டும் அவரிடம் காட்ட வேண்டாம், மேடம். அது ஓர் அப்பாவும் மகளும் மனம்விட்டுப் பேசிக்கொண்டது. அதை வெளியாள் ஒருவர் படிப்பது முறையில்லை.