முத்திரை உடையாத டப்பா

உச்சி வெயில் நேரம். சாத்தான்குளத்திலிருந்து திருநெல்வேலிக்கு வரும் பனங்காட்டுச் சாலை. ஒரு காக்கை கூட இல்லை... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் நடராஜின் சிநேகிதர் ஒருவரின் மைத்துனர் ஞானையாவுக்கு நடந்தது இது.

ஞானையாவுக்குத் தடயவியல் ஆய்வகத்தில் வேலை. எரிந்த இடத்தில் பெட்ரோல் ஊற்றினார்களா, மண்ணெண்ணெயா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். அன்று போனது சாத்தான்குளத்தில் அப்பாத்துரை வீட்டுக்கு. அவன் மனைவி மதுமதி கருகிச் செத்திருந்தாள். அடுப்பு வெடித்தது என்றான்.

"அப்பாதான் பெட்ரோல ஊத்துனாவ... கதவப் பூட்டிட்டாவ," என்றது ஐந்து வயது மகள். அதைச் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள்.

போலீஸ் வருவதற்குள் உடம்பும் சேலையும் சுடுகாட்டில் சாம்பல். பிணம் எடுத்த வீடு என்று தரையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார்கள்.

"தேடும் வே, நல்லாத் தேடும்," என்று அப்பாத்துரை சிரித்தான். "ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்தீருன்னா பிள்ளைய நான் கூட்டிட்டு வந்திருவேன். வாய் நீளம்லா அவளுக்கு... அம்மைய மாதிரி."

கிடைத்தது கருகிய பாயின் ஒரு மூலைதான். அதையும் கழுவியிருந்தார்கள். புதுத் தகர டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கி, அரக்கு முத்திரை வைத்து பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

பாதி வழியில் பெட்ரோல் வாடை. வண்டியை நிறுத்திப் பார்த்தார். ஒழுகவில்லை. பிறகு... முடி பொசுங்கும் வாடை.

"அண்ணாச்சி... ஒரு வாய் தண்ணி."

பனைமரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. வளையல்கள் உருகிச் சதையோடு ஒட்டியிருந்தன.

ஞானையா ஓடியிருக்கலாம். தாகம் என்று கேட்டவளை விட்டு ஓட மனம் வரவில்லை. ஆண்டவரே என்று கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மடக்... மடக்... பிறகு காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல ஒரு சத்தம். கண் திறந்தபோது யாரும் இல்லை.

மறுநாள் ஆய்வகத்தில் அவரும் உதவியாளர் வேணியும் முத்திரையைப் பார்த்தார்கள். உடையவில்லை. டப்பாவைச் சூடாக்கி, மூடியில் துளையிட்டு, உள்ளிருந்த ஆவியை ஊசியால் உறிஞ்சிக் கருவியில் செலுத்தினார்கள். திரையில் பெட்ரோலின் கோடுகள் முள்முள்ளாக எழும்பின. பிள்ளை பிழைத்தது என்று ஞானையா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"சார், கழுவுன பாயில இம்புட்டு எப்படி?" என்றாள் வேணி.

மூடியை நெம்பினார்.

பாய்த்துண்டின் மேல், உள்ளங்கை அகலத்துக்கு மனிதத் தோல். சேலை நூல் அதில் பதிந்திருந்தது.

மதுமதி சாம்பலாகி ஒரு வாரம். அந்தத் தோலில் கொப்புளங்கள்... அப்போதுதான் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன.