மூன்று ஃபேன் வைத்த கார்டு

கிராபிக்ஸ் கார்டு என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன் சார். எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்காது, அப்புறம் ஏதோ ஓர் அட்டை என்று எழுதி வைப்பார். கம்ப்யூட்டருக்குள் படம் சம்பந்தமான வேலையெல்லாம் அதுதான் பார்க்கும். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்து, கடைசியில் ஒரே படமாக எடுக்க நேரமாகும். நல்ல கார்டு இருந்தால் சீக்கிரம் முடியும். விஷயம் இவ்வளவுதான்.

என்னுடையது புதுசு. சென்னையில் வாங்கியது, மூன்று ஃபேன். எங்கள் நயினார்கோவில் பக்கத்தில் அந்த விலைக்கு ஒரு ஜோடி உழவு மாடு பிடிக்கலாம். வந்த அன்றே அதை மாட்டிய கம்ப்யூட்டர் பெட்டிக்கு அம்மா சந்தனம் குங்குமம் வைத்து, மேலே எலுமிச்சம்பழமும் வைத்தார். கண்ணு பட்டுவிடக் கூடாது என்று ஹாலில் இருக்கும் கண்ணாடி ஷோகேஸுக்குள், அய்யா வாங்கிய கேடயங்களுக்கு நடுவில் வைத்துப் பூட்டினோம். வயர் போகப் பின்னால் ஓர் ஓட்டை. மதிப்பான சாமானை அப்படித்தான் வைக்க வேண்டும்.

சுரேஷுடையது ராமநாதபுரத்தில் மூடிப்போன பிரவுசிங் சென்டரில் கிடந்த பழசு. ஒரே ஃபேன், ஓரம் நசுங்கியது. அதை அவன் தகர ஷெட்டில் கதவே இல்லாத பெட்டியில் மாட்டி, தரையில் தண்ணீர் தெளித்து, ஜன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஓட்டுவான். பார்க்கவே அசிங்கமாக இருக்கும்.

அவன் யாரென்று கேட்டீர்கள். எங்கள் மிளகாய்க் கொல்லையில் வேலை பார்க்கிற இருளாண்டி மகன். என் அய்யா பெயரும் இருளாண்டிதான். ஊர்ச் சாமி பெயர், யார் வைத்தாலும் தடுக்க முடியாது. ஆனால் அய்யாவை ஊரே அய்யா என்கிறது. சுரேஷ் அப்பனை என் தங்கை பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், வந்து நிற்பான். ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. குழப்பியது சுரேஷ்தான். அப்பன் என்னைச் சின்னய்யா என்பான், இவன் அண்ணே என்பான். டிப்ளமோ படித்துவிட்டானாம். எனக்கு அதில் கோபமெல்லாம் கிடையாது. சிரிப்புத்தான் வரும்.

முத்துகிருஷ்ணன் மாமா மகள் கனகலட்சுமிக்குக் கல்யாணம் வந்தது. காலையில் தாலி கட்டுவதை எடுத்து, சாயங்கால வரவேற்பிலேயே பெரிய திரையில் ஓட்ட வேண்டும். யாரிடம் கொடுப்பது என்று மாமா யோசித்தார். என் அம்மா கூடப்பிறந்தவர் யோசித்தார், சார். ஒரே வீடியோவை இரண்டு பெட்டியிலும் ஓட்டிப் பார்ப்போம், முந்துகிறவனுக்கு வேலை என்றார். சுரேஷ் எங்கள் ஹாலுக்குள் வருகிற வழக்கமில்லை என்பதால் அவன் ஷெட்டிலிருந்து போனில் வீடியோ காலில் வந்தான். அவன் பெட்டி முடித்து மணி அடித்தபோது என்னுடையது பாதியைத்தான் தாண்டியிருந்தது.

மாமா சொந்தக்காரர்களுக்கு நடுவில் சிரித்தார். “ஏலே வினோத்து, ஒன் பெட்டி நல்லா அழகா இருக்கு. சாமி கும்புட வச்சுக்க. வேலைய சுரேசுட்ட குடுத்திருவோம்.”

எல்லாரும் சிரித்தார்கள். அய்யா எழுந்து வெளியே போய்விட்டார். அன்றைக்கு என் காது மடல் எரிந்ததை இன்றைக்கும் சொல்ல முடியும்.

நியாயமான போட்டி இன்னொன்று வேண்டும் என்று கேட்டேன், மாமா சரி என்றார். சுரேஷை வரச்சொல்லி, வாசலில் நின்று என்னுடைய பழைய பவர் சப்ளையைக் கொடுத்தேன். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற டப்பா அது. “ஒன்னுது சின்னது, இது பெருசு. இதப் போட்டு ஓட்டு, ரெண்டு பேருக்கும் சமமா இருக்கட்டும்” என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து கையில் வைத்துக் கொடுத்த முதல் பொருள் அல்லவா. அந்த டப்பா சூடேறினால் பெட்டியெல்லாம் ஷாக் அடிக்கும் என்றுதான் நான் ஒதுக்கி வைத்திருந்தேன். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது.

ஷாக் அடித்தாலும் கரண்ட் மண்ணுக்குள் இறங்கிவிடும்படி அவன் ஷெட்டுக்குப் பின்னால் எர்த் குழி போட்டிருந்தான். உப்பும் கரியும் கொட்டிக் குழாய் இறக்கியது. கோடையில் குழி காயக் கூடாது என்று அவன் அம்மா பூமயில் தினமும் ஒரு குடம் ஊற்றுவாள். நாலு சக்கரத் தள்ளுவண்டியில் குடம் அடுக்கி ஊருக்கு வெளியே போய்க் கொண்டுவருகிற தண்ணீர். குடிக்கத் தண்ணீர் இல்லை, குழிக்கு ஒரு குடம். அவள் வண்டி தள்ளிக்கொண்டு போன நேரம் பார்த்து அந்தத் தெருவுக்குப் போனேன். எர்த் கம்பியை அறுத்தாயா என்றீர்கள். அறுக்கவில்லை. கம்பியைக் குழாயோடு பிடித்திருந்த மறையைக் கழற்றி எடுத்து, மண்ணை மூடிவிட்டு வந்தேன். அவள் வந்து வழக்கம்போல ஊற்றியிருக்கிறாள்.

கார்டு எரியட்டும் என்றுதான் நினைத்தேன். இதை நான் அய்யாவிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்பதால் சொல்கிறேன், வேலை ஓடும்போது பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பது அவன் பழக்கம். மாட்டைத் தடவுகிற மாதிரி தடவுவான். செருப்புப் போட மாட்டான். இரண்டையும் முதல் போட்டியிலேயே கவனித்திருந்தேன்.

மாமா வருமுன் ஓர் ஒத்திகை பார்க்கலாம் என்று மத்தியானம் அவனைப் போனில் கூப்பிட்டேன். அவன் அப்பனும் ஆத்தாளும் எங்கள் கொல்லையில் மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் ஒன்றாகப் பட்டனை அழுத்தினோம். போனில் அவன் சிரித்த முகம் தெரிந்தது.

“அண்ணே, இந்தத் தடவையாச்சும் அந்தக் கண்ணாடிக் கதவத் தொறந்து வைங்கண்ணே. உள்ள காத்தே போகல, கார்டு வெந்துபோய் மெதுவா ஓடுது. ஒங்க கார்டுதான் பெருசு. தொறந்தா நீங்கதான் ஜெயிப்பீங்க.”

சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவன் சொல்லி நான் திறப்பதா? கொஞ்ச நேரத்தில் அவன் போனோடு எழுந்து பெட்டிப் பக்கம் போனான். ஒரு சத்தம். அப்புறம் போனில் தகரக் கூரை மட்டும் தெரிந்தது. கொல்லை கூப்பிடு தூரம்தான். ஒரு குரல் கொடுத்திருந்தால் அவன் அப்பன் ஓடியிருப்பான். என் பெட்டியில் வீடியோ பாதி ஓடியிருந்தது, நடுவில் எழுந்து போனால் ஒத்திகைக்கு அர்த்தமில்லை. போனை வைக்காமல் வேலை எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் பக்கம் ஃபேன் சத்தம் நிற்கவே இல்லை. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பூமயில் இன்னும் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாளாம். போலீஸ் வண்டியில் வரும்போது கேள்விப்பட்டேன். அவளுக்கு யாராவது எடுத்துச் சொல்லலாம்.

கொன்றது நான்தான், தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் பச்சைக் கோடு முடிய இன்னும் நிறைய இருக்கும்போதே போனுக்குள் அவன் பெட்டி மணி அடித்தது. அதை மட்டும் எழுத வேண்டாம் சார். மாமா இதைப் படிப்பார்.