இரண்டாவது ஆல்பத்தில் அந்தக் குரல்

ரெக்கார்டு கம்பெனி ஆரம்பிக்க முதலில் வேண்டியது பாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வேண்டியது அட்டைப்பெட்டி. இசைத்தட்டு வளையாமல், மூலை நசுங்காமல், வடகோடி ஹொக்கைதோ வரைக்கும் போய்ச் சேர்கிற பெட்டி. எங்கள் நமிகாஷிரா ரெக்கார்ட்ஸின் முதல் பெட்டிகளை நான் ஒரு மீன்முட்டை ஊறுகாய்க் கடையில் சும்மா வாங்கி வந்தேன். உறையைப் பிரித்தால் மிளகாய் வாடை வருகிறது என்று தோக்கியோவில் சிலர் குறைப்பட்டுக்கொண்டார்களாம். நீங்கள் உங்கள் பத்திரிகையிலிருந்து எங்கள் நாற்பது வருடத்து வரலாற்றைப் புத்தகமாக எழுத வந்திருக்கிறீர்கள், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படிக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். பதிவுக் கருவி ஓடட்டும், எனக்கு ஒன்றும் கூச்சமில்லை.

இரண்டாவது ஆல்பத்தில் அந்தக் குரல் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். எந்த மைக், எந்த அறை என்று அமெரிக்காவிலிருந்துகூட ஒருவர் வந்து கேட்டார். பழைய சாக்கே மது ஆலையின் கிடங்கில் பதிவு செய்தோம், அதன் மண்சுவர்தான் காரணம் என்று இத்தனை காலமும் சொல்லிவந்தேன். சுவருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போன மாதம் சயோ இறந்துவிட்டாள், அவள் யாரென்று பிறகு சொல்கிறேன். இனி இதைச் சொன்னால் புண்படுவதற்கு யாருமில்லை என்பதால் சொல்கிறேன்.

கம்பெனி தொடங்கிய கதை உங்களுக்குத் தெரியும். எங்கள் 'கொதிகலன்' குழுவைத் தோக்கியோவில் ஒரு பெரிய கம்பெனி எடுத்தது. வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டார்கள். எங்கள் பாடகன் முனகத்தா தோஷிரோவின் குரல் கரகரப்பாக இருக்கிறது என்று, அவன் பாடியதன் மேல் வேறு ஒருவனைப் பாடவைத்துப் பூசி மெழுகினார்கள். தோஷிரோ கோட்டைக் கழற்றி அவர்கள் மேஜையில் மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டான். எங்கள் ஊர் ஃபுகுவோகாவுக்கு ரயிலில் திரும்பும்போது, "அண்ணே, நாமளே ஒரு கம்பெனி வெச்சா என்ன? நம்மளப் பத்தி நாமதான் முடிவு பண்ணணும். எவனோ ஒருத்தன் எதுக்கு?" என்றான். யோசனை அவனுடையது. நான் பேஸ் கித்தார் வாசிக்கிறவன், கொஞ்சம் நிதானமானவன், அதனால் வேலை என்னுடையதாயிற்று. வாசிக்கிறவனே முடிவு செய்வான் என்பதுதான் எங்கள் ஒரே விதி. அதை இன்றுவரை மீறியதில்லை என்று எங்களிடம் பாடிய எந்தக் குழுவும் சொல்லும்.

முதல் ஆல்பம் பரவாயில்லை என்கிற மாதிரி போயிற்று. இரண்டாவதைத் தொடங்கும்போது தோஷிரோவின் தொண்டை கட்டிக்கொண்டது. சளி என்று நினைத்தோம். வசந்தம் வந்தும் சரியாகவில்லை. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவனுக்கு அம்மா இல்லை. அப்பா எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. யார் கூட வந்திருக்கிறது என்று நர்ஸ் கேட்டபோது அவனே சொன்னான்: "எங்க அண்ணன். மொகரை ஒத்துப்போகலயேன்னு பாக்காதீங்க, வீட்டுல இருந்த அழகு மொத்தமும் எனக்கு வந்துடுச்சு." நர்ஸ் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. குழுவில் எல்லோருக்கும் நான் அண்ணன்தான்.

சோதனையெல்லாம் முடிந்து முடிவு கேட்கப் போன அன்று, டாக்டர் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே அழைத்தார்.

"குரல்வளையில புற்று," என்றார். "கதிர் வெச்சு சரிபண்ற கட்டம் தாண்டிடுச்சு. ஆனா வெளியில பரவல, அது பெரிய அதிர்ஷ்டம். குரல்வளையை மொத்தமா எடுத்துட்டா தம்பி பிழைச்சுக்குவாரு. கிழவனாகிற வரைக்கும் இருப்பாரு. பேச்சு மட்டும் போயிடும்."

நான் தலையாட்டினேன்.

"நோய் பேரை அவர்கிட்ட சொல்ல வேண்டாம். வேற ஏதாவது சொல்லி ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வெச்சுடலாம், நானும் கூட இருந்து பேசுறேன். வீட்டுல கலந்துக்கிட்டு வாங்க. தள்ளிப்போடாதீங்க."

நீங்கள் சின்ன வயது, உங்களுக்கு இது விநோதமாக இருக்கும். இப்போது டாக்டர்கள் நோயாளியிடமே நேருக்கு நேர் சொல்லிவிடுகிறார்கள். அப்போது வீட்டாரிடம் சொல்வதுதான் வழக்கம். நோயாளிக்குத் தெரிந்தால் மனசு விட்டுப்போய்ச் சீக்கிரம் போய்விடுவார் என்று எல்லோரும் நம்பினோம். என் அப்பாவுக்கு வயிற்றில் வந்தபோது நாங்களும் அல்சர் என்றுதான் கடைசிவரை சொன்னோம். அவர் அல்சர் என்று நம்பியபடியே கண்ணை மூடினார், அம்மா அதைப் பெரிய ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆகவே மறைத்தது என் குற்றமில்லை. ஊரே செய்ததைத்தான் செய்தேன். மற்றவர்கள் நோயின் பெயரை மறைத்துவிட்டு வைத்தியம் பார்த்தார்கள். நான் இரண்டையும் மறைத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

தோஷிரோ ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். "என்னண்ணே, மூஞ்சி செத்த கெளுத்தி மாதிரி இருக்கு? நான் சாகப்போறேனா?"

"கொப்புளம்டா," என்றேன். "பாடுறவனுக்கெல்லாம் வர்றதுதானாம்."

"அப்ப பாட்டை நிறுத்தணுமா?"

"நிறுத்துனா இறுகிப்போயிடுமாம். பாடிக்கிட்டே இருந்தா தானா தேஞ்சுடும்."

அதை முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. வாய்க்கு வந்தது. சொன்னபிறகு அதுவே நியாயமாகவும் பட்டது. அவன் எழுந்து என் முதுகில் ஒரு தட்டு தட்டி, "நல்லவேளை," என்றான். பசிக்கிறது என்றான். ஆஸ்பத்திரிக்கு எதிரில் உதோன் நூடுல்ஸ் சாப்பிட்டோம். இரண்டு கிண்ணம் சாப்பிட்டான்.

விற்காமல் பெட்டியில் அடைத்து வைத்த தட்டுகளையும் தோக்கியோவில் எங்களை ஏளனமாகப் பார்த்தவர்களையும் அன்றைக்கு நான் நினைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முக்கியமாக நினைத்தது அந்தக் குரலைத்தான். முந்தின வாரம் ஒரு பாட்டை ஒத்திகை பார்த்தபோது அவன் மேல் ஸ்தாயியில் போன இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரே தொண்டையில் இரண்டு பேர் சண்டை போடுவதுபோல இருந்தது. நான் வாசிப்பதையே நிறுத்திவிட்டேன். அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. எதனால் வந்தது என்று டாக்டரின் அறையில் எனக்குப் புரிந்தது. அதைத்தான் அவர் வெட்டி எடுக்கப் பார்த்தார்.

கோடை முழுவதும் கிடங்கில் பதிவு செய்தோம். வாரத்துக்கு வாரம் குரல் மாறிக்கொண்டே வந்தது, அதற்கேற்ப பாட்டுகளின் வரிசையையும் நான் மாற்றினேன். மெல்லிய பாட்டுகளை முதலில் முடித்தோம். கத்திப் பாட வேண்டியவற்றைக் கடைசிக்கு வைத்தேன், அதற்குள் குரல் இன்னும் பழுத்துவிடும் என்று. ஏன் இப்படி என்று அவன் கேட்டான். தொண்டை பழகட்டும் என்றேன். இருமும்போது ரத்தம் வந்தது. கொப்புளம் உடைகிறது, நல்ல அறிகுறி என்றேன். அந்த மாதங்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரே ஒருமுறை போன் செய்தார். கம்பெனி போன் என் வீட்டில்தான் இருந்தது. வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்துவிட்டது என்றேன்.

"ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது," என்றார். அவருக்கு உண்மையிலேயே நிம்மதி. "தம்பி எப்படி இருக்காரு?"

"பேசத்தான் முடியல. மத்தபடி நல்லா இருக்கான்."

"பின்னாடி யாரோ பாடுறாப்ல கேக்குதே?"

"ரேடியோ," என்று சொல்லி ஒலியைக் குறைத்தேன். அன்று பதிவான பாட்டைத்தான் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர். தம்பியை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

சயோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோஷிரோவைக் கட்டிக்கொள்ள இருந்தவள். ஆற்றங்கரையில் தள்ளுவண்டிக் கடை போட்டு ராமென் விற்றாள். முள்ளங்கியைத் தேனில் ஊறவைத்து அந்தச் சாற்றைச் சீசாவில் ஊற்றிக் கிடங்குக்குக் கொடுத்தனுப்புவாள். ஒருநாள் சாயங்காலம் கடை விரிக்கும் நேரத்தில் நாங்கள் இருவரும் போய் உட்கார்ந்தோம். தோஷிரோவால் நூடுல்ஸை விழுங்க முடியவில்லை. சூப்பை மட்டும் குடித்தான்.

"மகியாமா அண்ணே," என்றாள் சயோ, "இவரை வேற ஒரு டாக்டர்கிட்ட காட்டணும். கழுத்துல கட்டி மாதிரி தட்டுப்படுது. எனக்கு என்னமோ சரியாப் படல."

"இவ ஒருத்தி. சூப்பு கொதிச்சாலே தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவா," என்றான் அவன். அதற்குள்ளேயே பேச்சு காற்றாகத்தான் வந்தது.

"சிரிக்காதீங்க. குரல் போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"போனாப் போகட்டும். நான் பாட்டுக்கு இந்த அண்டாவைக் கிண்டிக்கிட்டு உன்கிட்ட திட்டு வாங்கிக்கிட்டுக் கெடக்கேன். வாய் பேசாத புருஷன் கெடைக்க நீ குடுத்து வெச்சிருக்கணும்டி."

அவள் கரண்டியால் அவன் மண்டையில் தட்டினாள். நானும் சிரித்தேன். மனிதர்கள் பேச்சுவாக்கில் எதையெல்லாமோ சொல்வார்கள், அதற்கெல்லாம் பொருள் கொள்ளக்கூடாது என்று வீட்டுக்கு நடந்துபோகும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு கலைஞனுக்கு எது முக்கியம் என்று சயோவுக்குப் புரியாது என்றும் நினைத்துக்கொண்டேன். அவள் வேறு ஒரு ஆஸ்பத்திரியில் நாள் வாங்கினாள். அதே நாளில் ஓசாக்காவில் ஒரு கச்சேரியை ஏற்பாடு செய்தேன். மறுபடியும் வாங்கினாள். அப்போது ஹிரோஷிமாவில் ஒன்று. பாடுகிற இடம் கிடைத்தால் தோஷிரோ மறுக்கமாட்டான், அது எனக்குத் தெரியும்.

ஆல்பம் இலையுதிர்காலத்தில் வெளிவந்தது. அதன்பிறகு நடந்தது உங்கள் பத்திரிகையின் பழைய இதழ்களிலேயே இருக்கிறது. தோக்கியோ கடைகள் பெட்டி பெட்டியாகக் கேட்டன. எங்களைப் பூசி மெழுகிய அதே கம்பெனிக்காரர் இங்கே வந்து தலை குனிந்து நின்றார். நாங்கள் விற்கவில்லை. தமக்கென ஒரு கம்பெனி வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் கியூஷூ தீவு முழுக்கப் பிள்ளைகளுக்குத் தைரியம் வந்தது. அந்த ஒரு தட்டு இல்லையென்றால் நமிகாஷிரா இல்லை, அதற்குப் பின்னால் வந்த எந்தக் குழுவும் இல்லை. உங்கள் புத்தகமும் இல்லை.

தோஷிரோ நகோயாவில் மேடையிலேயே மூச்சுக்குத் தவித்து விழுந்தான். அங்கே கழுத்தில் துளை போட்டார்கள், குரல் அன்றோடு போயிற்று. அதற்குள் நுரையீரல்வரை போய்விட்டிருந்தது. அந்த ஆஸ்பத்திரியிலும் என்னைத் தனியாக அழைத்துத்தான் சொன்னார்கள். முதல்முறை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டேன். சயோவிடமும் சொன்னேன், திடீரென்று வந்துவிட்டது என்று. அவனிடம் சொல்ல வேண்டாம் என்று அவள்தான் அழுதுகொண்டே என்னைக் கெஞ்சினாள். அடுத்த கோடையில் இறந்தான். கடைசி நாட்களில் என்னைப் பார்த்தால் தொண்டையைத் தொட்டுக்காட்டி, எப்போது சரியாகும் என்று சைகையில் கேட்பான். அடுத்த ஆல்பத்துக்குள் என்பேன். கட்டைவிரலை உயர்த்துவான்.

தகனம் முடிந்து எலும்பு பொறுக்கும்போது, நான் அண்ணனாகையால் சயோவுக்கு எதிரில் நிற்கவைத்தார்கள். காலிலிருந்து தொடங்கி மேலே வந்தோம். கடைசியில் கலசத்தில் வைப்பது தொண்டைப்புத்தர், உட்கார்ந்த புத்தர் போலிருக்கும் கழுத்தெலும்பு, மிக நெருங்கியவர்கள் எடுக்க வேண்டியது. "எவ்வளவு முழுசா இருக்கார் பாருங்க, புண்ணியம் செஞ்சவங்களுக்குத்தான் இப்படி வரும்," என்றார் தகனசாலைக்காரர். எல்லோருக்கும் அதைத்தான் சொல்வார் போலிருக்கிறது. அவளும் நானும் குச்சியால் சேர்ந்து தூக்கினோம். கலசத்துக்குள் அதை நேராக உட்காரவைத்தேன். அதைப் பார்த்து அவள், "நீங்க மட்டும் இல்லேன்னா அவரு அனாதையா போயிருப்பாருண்ணே," என்றாள். நான் கலசத்தை மூடினேன். அன்று எனக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது. அதை யாரும் சந்தேகிக்க வேண்டாம்.

இத்தனை வருடமும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது இதுதான். குரலில்லாமல் ஐம்பது வருடம் வாழ்வதைவிட அந்த ஒரு தட்டைத்தான் தோஷிரோ தேர்ந்தெடுத்திருப்பான். அவனுக்குப் பதில் நான் தேர்ந்தெடுத்தேன், அந்தப் பாரத்தையும் நானே சுமந்தேன். புத்தகத்தில் இப்படியே போட்டாலும் எனக்கு ஆட்சேபமில்லை, படிக்கிறவர்களுக்கும் பிடிக்கும்.

ஆனால் கருவி ஓடுகிறது, சயோவும் இல்லை. அந்த நடையில், பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவனிடம் உள்ளதைச் சொல்லியிருந்தால், ஒரு நிமிஷம் தரையைப் பார்த்திருப்பான். பிறகு, "எடுத்துடச் சொல்லுங்கண்ணே, சயோ காத்துக்கிட்டிருக்கா," என்றிருப்பான். அது எனக்கு டாக்டரின் அறையிலிருந்து கதவைத் திறந்து வரும்போதே தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.